தொட வேண்டாம்

சாகினாவில், மூடிப்போன மரச்சாமான் கடையின் முன்னால்
ஆகஸ்ட் சனிக்கிழமை.
பத்து மணிக்கே தார் இளகுகிறது.
பானட்டைத் திறந்தபடி வரிசையாக
பல் டாக்டரிடம் வந்தவர்கள் மாதிரி நிற்கின்றன வண்டிகள்.

ப்ரூயிட்டின் அறுபத்தொன்பதாம் வருஷத்து ஷெவல்,
சிவப்பு, கண்ணுக்குள் தித்திக்கிற சிவப்பு.
அடியில் கண்ணாடி பதித்திருக்கிறார்,
குனியாமலே அதன் வயிற்றைப் பார்க்கலாம்.
மண்வாசனை வந்தாலே ட்ரெய்லரில் ஏற்றிவிடுவார்.
முகப்பில் ஓர் அட்டை: தொட வேண்டாம்.
பக்கத்து பாரகுடாவிலும் அதே அட்டை.
அதற்கடுத்த ஜி.டி.ஓ.வில் இன்னும் பெரிய எழுத்தில்,
கீழே ஒரு துப்பாக்கிப் படத்தோடு.

என்னுடையது அறுபத்தேழு மெர்குரி கூகர்.
சாம்பல் ப்ரைமர்.
ஒரு கதவு இன்னும் வேறெதோ காரின் பச்சை.
பதினொரு வருஷமாகக் கொண்டுவருகிறேன்,
கட்டி இழுத்துத்தான்.
முதல் வருஷம் வெறும் கூடு; உள்ளே அணில் குடும்பம்.
ஆறாம் வருஷம் ஸ்டியரிங்.
விவாகரத்து ஆன வருஷம் நாலு புது டயர்.
“வெல்டா, உன் பேரன் ஓட்டுவான் இதை” என்பார் ப்ரூயிட்.
எனக்குப் பிள்ளையே இல்லை என்பது
அவருக்குத் தெரியும்.

இந்த வருஷம் எஞ்சின் இருக்கிறது.
சக்கரமும் இருக்கிறது.
இரண்டையும் இணைக்கும் தண்டுதான்
இன்னும் டெட்ராய்டில், யாரோ ஒருவருடைய ஷெட்டில்.

சாவியைத் திருகினேன்.
இருமியது. துப்பியது. அப்புறம்
மாடிவீட்டில் பீரோ நகர்த்துகிற சத்தம்.
முன்விளக்கு விசையை இழுத்தேன்.
மூடிய இரு கண்களில் வலது மட்டும்
சோம்பலாகத் திறந்தது.
ஊரையே பார்த்துக் கண்ணடித்தது என் கார்.

எல்லோரும் சிரிக்க, டோம்ப்ரோஸ்கி சிரிக்கவில்லை.
தலையைச் சாய்த்துக் கேட்டார்.
“ஏழுதான் பேசுது.”
குனிந்து எக்ஸாஸ்ட் குழாய்களின் மேல்
ஒவ்வொன்றாகத் துப்பிக்கொண்டே வந்தார்.
சுர்.
சுர்.
ஏழாவதில் மட்டும்
எச்சில் எச்சிலாகவே கிடந்தது.
கழன்றிருந்த ஒயரை ஓர் அழுத்து.

எட்டும் சேர்ந்தபோது கடையின் ஷட்டர் அதிர்ந்தது.
என் பின்சக்கரத்துச் செங்கல்லும் அதிர்ந்து
மரியாதையாக விலகிக்கொண்டது.
தரை சாக்கடைப் பக்கம் சரிவு.
சரிவின் முடிவில் ப்ரூயிட்டின் சிவப்பு.

பெடலை மிதித்தேன். தரைவரை போனது.
பிரேக் இன்னும் பில்லாக
என் சட்டைப்பையில் இருந்தது.

யாரும் கத்தவில்லை என்று நினைக்கிறேன்.
நான்தான் கத்தினேன்.
பீர் டப்பாக்கள் பறந்தன,
மடக்கு நாற்காலிகள் மல்லாந்தன,
பாரகுடாக்காரர், ஜி.டி.ஓ.க்காரர், அவர் மனைவி,
ஹாட் டாக் விற்ற பையன் கடுகுக் கையோடு,
எல்லோரும் என் வண்டியின் மேல்.
முன்னால் ப்ரூயிட்,
தன் சிவப்புக்கு முதுகு காட்டி,
இரண்டு கையையும் என் பானட்டின் விளிம்பில் ஊன்றி,
முகமும் அதே சிவப்பாக.

நின்றது.
நடுவில் ஒரு சாண், இல்லை, அதிலும் பாதி.

அப்புறம்தான் எஞ்சினை அணைக்க ஞாபகம் வந்தது.
ப்ரூயிட் தன் கைகளைப் பார்த்தார்,
சாம்பலாகியிருந்தன.
“ப்ரைமர் சரியாகத் தேய்க்கவில்லை நீ,” என்றார்.

நவம்பரில் பெயிண்ட்.
கைரேகை இருந்தால் மேலே வண்ணம் பிடிக்காது,
கொப்பளித்து உரியும்.
ஸ்பிரிட்டும் துணியுமாக உட்கார்ந்தேன்.
பின்பக்கம் ஏழு கை, பச்சைக் கதவில் மூன்று,
கூரையில் கடுகு.
இடது ஃபெண்டரில் நாலே விரல் உள்ள ஒன்று,
ஃபவுண்டரியில் ஐந்தாவதை விட்டுவந்த டோம்ப்ரோஸ்கி.

பானட் விளிம்பில் அகலமாக இரண்டு.
மற்ற எல்லாவற்றையும் துடைத்துவிட்டு
காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து
அவற்றைத் துடைத்தேன்.