இரண்டாம் மதிப்பீட்டாளர்

எழுதியவர் பெயரை மறைத்து அனுப்பியிருக்கிறார்கள்.
மறைத்து என்ன?
பத்திக்குப் பத்தி 'எனினும்' போட்டுத் தொடங்குகிறவர்
எங்கள் துறையில் ஒருவர்தான்.
வின்னிபெக் கூட்டத்தில் நான் கேட்ட கேள்விக்கு
ஒரு கோப்பைத் தண்ணீரைப் பதிலாகக் குடித்தவர்.

சாஸ்கடூன். மைனஸ் முப்பத்தொன்று.
கீழே கார்கள்
மூக்கில் மின்வடத்தோடு
ஆஸ்பத்திரி வரிசைபோல் நிற்கின்றன.
ஆற்றுப்பனி எந்தத் தேதியில் உடையும் என்று
அவர் போட்ட கணக்கை நான் பார்க்கவேண்டும்.
கூலி கிடையாது. கெடு மூன்று வாரம்.
அதில் இரண்டு
கோப்பைத் திறக்காமலே தீர்ந்தன.

தகுதியானவருக்கு மட்டும் இடம்விடும் பலகை ஒன்று
மதுரையில் இருந்ததாம்.
எங்களுக்கு வாய்த்தது நான்கு கட்டங்கள்:
ஏற்கலாம், சிறு திருத்தம், பெருந்திருத்தம், நிராகரி.

பதினோராம் பக்கத்தில் அகப்பட்டார்.
ஏப்ரல் பதினான்கில் உடைந்த பனியை
அவர் சமன்பாடு இருபத்து மூன்றில் உடைக்கிறது.
ஒன்பது நாள்!
பொய் சொல்வானேன்,
எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன்,
நிதானமாக ருசிக்க.

வேர் எங்கே என்று தோண்டினேன்.
பனியின் அடிப்பக்க உராய்வு:
தசமப் புள்ளிக்குப் பின் மூன்றாம் இலக்கம்
எட்டாக இருக்கவேண்டியது மூன்றாக இருந்தது.
எடுத்த இடம்: அட்டவணை நான்கு,
குமரகுலசிங்கம், 2009.

குமரகுலசிங்கம் நான்தான்.

தேநீர் ஆறிவிட்டது.
நாற்பத்தொரு பேர் அந்த அட்டவணையை
இதுவரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.
அன்று அதைப் பரிசீலித்த மூவரில் ஒருவர்
'மிகத் தெளிவான அட்டவணை' என்று எழுதியதை
அச்செடுத்து வைத்திருந்தேன்,
எந்த இழுப்பறையில் என்றுகூடத் தெரியும்.

நிராகரி என்ற கட்டத்தில் சுட்டி நின்றது.
ஒரு சொடுக்கு போதும்.
கட்டுரையோடு பிழையும் புதையும்,
அடுத்த ஆள் தோண்டும் வரைக்கும்.

எழுதினேன்:
'கணக்கு சரி; நம்பிய எண்தான் தவறு;
தவறு மூலக் கட்டுரையுடையது;
அதன் ஆசிரியர் திருத்தம் வெளியிடுவார்.'

வாசித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது:
அரைப்புள்ளியை இப்படி வாரி இறைக்கிற ஆளும்
எங்கள் துறையில் ஒருவர்தான்.

ஒவ்வொன்றாக அழித்தேன்.
அனுப்பும் முன்
ஒன்றை மட்டும்
திரும்ப வைத்தேன்.