ஏழாம் கட்டம்

விண்ணப்பத்தில் ஏழாவது கட்டத்தை
வெள்ளைத் தாள் ஒட்டி மறைக்கச் சொன்னார்கள்.
ஆயிரத்து இருநூறு படிவங்கள்.
அச்சடித்ததைக் குப்பையில் போட முதலாளிக்கு மனமில்லை.
செப்டம்பர் முழுக்க
நானும் கணக்குப் பிரிவு ஓரேலியாவும்
ஒட்டிக்கொண்டே இருந்தோம்.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இன்னும் தெரிகிறது:
கடைசியாக வாங்கிய சம்பளம்.

சிகாகோ, லேக் தெரு.
தலைக்கு மேலே ரயில் ஓடும் தெரு.
மீனும் இறைச்சியும் உறைந்து கிடக்கும் கிடங்கின்
மாடியில் என் மேசை.
பதினெட்டு வருடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன்,
தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில்.
பதில் வந்ததும்
ஒரு டாலர் கூட்டி எழுதுவேன்.
அவர்கள் நன்றி சொல்வார்கள்.
இப்போது உறுத்துவது அந்த நன்றிதான்.

இதே ஊரில் ஒரு காலத்தில் பெரிய மாட்டுச் சந்தை இருந்தது.
பல்லைப் பிடித்துப் பார்த்து விலை சொல்லியிருப்பார்கள்.
மாடு பாவம், ஆனாலும்
போன சந்தையில் என்ன விலைக்குப் போனேன் என்று
தன் வாயால் அது சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இனி கேட்கக் கூடாது. சட்டம்.
சரி,
கேட்கவில்லை.

வெர்லீன் பிக்கெட் வந்தாள், ஒரு புதன்கிழமை,
இரவு நேர இருப்புக் கணக்கு மேற்பார்வை வேலைக்கு.
குளிரறையைச் சுற்றிக் காட்டியபோது
மூன்றாம் அடுக்கில் தேதி தவறிய பெட்டியை
நடக்கிற நடையிலேயே தொட்டுக் காட்டினாள்.
கிடங்கு மேலாளர் ஆறு நாளாய்
அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

மேசைக்குத் திரும்பினோம்.
பழைய கேள்வி நாக்கு நுனிவரை வந்து
எச்சிலோடு உள்ளே போனது.
அந்த மௌனத்தை அவள் தப்பாகப் புரிந்துகொண்டாள்.
எத்தனை மேசைகளின் முன்னே உட்கார்ந்து பழகியவளோ,
கோட்டைக்கூடக் கழற்றாமல்
தானாகவே எடுத்து வைத்தாள்:
"பதினாலே கால் டாலர், மணிக்கு. போன இடத்தில்."

என் வாயைத்தான் சட்டம் கட்டியது.
அவள் வாயைப் பற்றி யோசிக்கவில்லை.
காதைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை.

அப்போது பார்த்து ரயில்.
ஜன்னல், பேனாக் குவளை, ஆறிப்போன என் காபி
எல்லாம் நடுங்கி அடங்கின.
"மன்னிக்கணும், ரயில் சத்தம்.
ஒன்றும் கேட்கவில்லை.
திரும்பச் சொல்ல வேண்டாம்."

அவள் சொல்லி முடித்த பிறகுதான் ரயில் வந்தது.
அது அவளுக்கும் தெரியும்.
பெட்டியைப் பார்த்த அதே பார்வையை
என் மேல் ஒரு கணம் வைத்தாள்.
பிறகு கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் நல்லவள்.

சாயங்காலம் பணிக் கடிதம்.
இருபத்து மூன்றிலிருந்து இருபத்தேழு வரை
நான் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.
பென்சில் இருபத்து மூன்றில் போய் நின்றது.
பதினாலே காலிலிருந்து பார்த்தால்
இதுவே பெரிய தாவல் இல்லையா என்று
உள்ளே ஒரு குரல்.
தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற அதே குரல்.

காதில் விழாத எண்
விரலுக்கு எப்படித் தெரிந்தது?

பொய் எதற்கு. எண் மட்டும் காரணமில்லை.
இந்த மேசைக்கு வந்த அன்று என்னிடமும் கேட்டார்கள்.
செருப்புக் கடையில் பதினொன்று நாற்பது என்றேன்.
ஒரு டாலர் கூட்டினார்கள்.
நன்றி சொன்னேன்.
அதன் மேல் வருடா வருடம் மூன்று சதவீதம்,
ஒரு வருடம்கூடத் தவறாமல்.
ஏணி நல்ல ஏணிதான்,
பள்ளத்துக்குள் நிறுத்தியிருந்தார்கள்.
இன்றைக்கு என் சம்பளம்
இருபத்தொரு டாலர் பதினொரு சென்ட்.

அழித்தேன்.
இருபத்தாறு என்று எழுதினேன், பேனாவால்.
விரலால் தடவினால் அடியில் அந்த இருபத்து மூன்று
இன்னும் பள்ளமாய்த் தட்டுப்படும்.
அவள் தடவமாட்டாள் என்று நம்புகிறேன்.

விளக்கை அணைக்கும் முன்
கோப்பறையின் கீழ்த்தட்டிலிருந்து
என் பழைய விண்ணப்பத்தை எடுத்தேன்.
ஒட்டுத்தாள் முப்பதோ நாற்பதோ மீந்திருந்தது.
ஒன்றை உரித்து ஏழாம் கட்டத்தின் மேல்
அழுத்திப் பார்த்தேன்.

பசை காய்ந்துவிட்டது.
மேலே ரயில் போகும்போதெல்லாம்
தாள் லேசாகத் தூக்கிக்கொள்கிறது.