ஏழு மீற்றர்

ஸ்வொன்கோ பிராய்டிச்சுக்கு
யாழ்ப்பாணத்தில் நாலு ரசிகைகள்.
ஐந்து பேர் என்பாள் கொன்சி,
சலூன்கார றெக்ஸ் அண்ணையையும் சேர்த்து.
அவர் கண்ணாடிப் பக்கம் படத்தை ஒட்டியது
தாடிக்காகத்தான்.
"இந்த நடிகர் ஆர்?" எண்டு கேட்ட மூன்று பேர்
அதே தாடியோடு போயிருக்கினம்.

இடது கைக்காரன்.
பத்தொன்பது வருஷம் வலது மூலையில் நின்றான்,
கோடு முடிகிற இடத்தில்,
கால் வைக்க ஒரு சாண்கூட மிஞ்சாத இடத்தில்.
அங்கிருந்து எழும்பி
காற்றில் கொஞ்சம் பொறுப்பான்.
கோல் காப்பவன் விழுந்த பிறகுதான்
பந்தை விடுவான்.
அந்தப் பொறுமைக்காகவே குரோவேசியாவில்
பிள்ளைகளுக்கு அவன் பெயர் வைத்தார்களாம்,
பியர் போத்தலில் முகத்தையும்.
முழங்கால் இரண்டாந்தரம் கிழிந்தபோது
ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடிய ட்ரம்.
நேர்ஸ் கத்திக் களைத்த பிறகு
ஒற்றைக்காலில் ஜன்னலுக்கு வந்து
நித்திரை கொள்ளச் சொன்னானாம்.

அங்கே விரலுக்குப் பைன் பிசின்.
குருநகரில் பலாப்பால்.
வலை காயப்போடும் சீமெந்துத் தரைதான் எங்கள் மைதானம்:
பால் கையில் ஒட்டும்,
மணல் பந்தில் ஒட்டும்,
அதற்கு மேலே றால் கோது.
மூன்று வருஷமாய் அதை
நெற்றியால் தடுப்பவள் நான்.

கடைசி ஆட்டம்.
எங்களுக்கு இரவு பதினொன்றரை.
ஜெட்டியில், கொன்சியின் போன், என் டேட்டா.
நிறோமி தூங்கிவிட்டாள்.
சமநிலை. பத்து நொடி.
ஏழு மீற்றர் எறி.
பதினைந்தாயிரம் பேர் அவன் பெயரைக் கத்த
அவன் சிலுவை போட்டான்.
யாகப்பர் கோயில் பக்கம் திரும்பி
மரியறோஸும் போட்டாள்.
கை எழும்பியது.

வட்டம் சுற்றத் தொடங்கியது.

உள்ளே போயிருக்கும் என்றாள் மரியறோஸ்.
கம்பத்தில் பட்டிருக்கும் என்று
கொன்சி அழவே தொடங்கிவிட்டாள்.
ரீலோட் கடையெல்லாம் பூட்டு.
அவன் கை மட்டும் அப்படியே,
திரையில், பந்தோடு.

அவர்கள் முகத்தைப் பார்த்தார்கள்.
காப்பவர்கள் முகம் பார்ப்பதில்லை.
மணிக்கட்டு இடப்பக்கம் என்றது.
வட்டம் வருவதற்குச் சற்று முன்
அது மெல்லப் புரண்டதை
நான் கண்டேன்.
வலது, கீழே.

விடிந்தபோது முடிவு எல்லாருக்கும் தெரிந்திருந்தது,
றெக்ஸ் அண்ணைக்குக்கூட.
சொல்ல வந்தவர்களின் வாயைப் பொத்தினேன்.
ஐந்தரைக்கு வலைகளை ஒதுக்கி
கொன்சியைக் கோட்டில் நிறுத்தி
"இடக்கையால எறி" என்றேன்.
"விசரே உனக்கு?"
"எறியடி."

வலது கீழே பாய்ந்தேன்.
முழங்கை உரிந்தது.
பந்து கம்பத்துக்கு மேலால்
கடலுக்குப் போனது.

முழங்கால் தண்ணிக்குள் இறங்கி
நான் அதைத் தேட,
கரையில் கொன்சி
இரண்டு கையும் தூக்கி
பதினைந்தாயிரம் பேராய்க் கத்தினாள்,
தன்ர பெயரை.