உச்சக் கேள்வி

புது மீற்றர் பூட்டிய மூன்றாம் மாதம்
பில்லில் ஒரு வரி கூடுதலாய்க் கிடந்தது.
உச்சக் கேள்விக் கட்டணம்.
நான் ஒன்றும் கேட்கவில்லையே என்றேன்.
மீற்றர் பார்க்க வந்த ஜயந்த சிரித்தான்.
அவனுக்குத் தெரிந்த தமிழும் எனக்குத் தெரிந்த சிங்களமும்
கேற்றடியில் நின்று பேசியதில் விளங்கியது:
மாதம் முழுக்க எவ்வளவு எரித்தாய் என்பது ஒரு கணக்கு.
எந்தக் கால்மணி நேரத்தில்
எல்லாவற்றையும் ஒன்றாய்க் கேட்டாய் என்பது
வேறு கணக்கு.
இருபத்தொன்பது நாள் விரதம் இருந்தாலும்
அந்தக் கால்மணிதான் பில்லில் நிற்கும்.

பொத்தானை அமத்திக் காட்டினான்.
பதினான்காம் திகதி, இரவு ஏழேகால்.

கலண்டரில் பார்த்தேன். செவ்வாய்.
உப்புவெளி வீட்டின் மேல்மாடி அறைக்கு
இரண்டு பிரெஞ்சுக்காரர் புறாமலையிலிருந்து
உப்புப் பூத்த முதுகோடு வந்திருந்தார்கள்.
ஹீற்றர், மூவாயிரம் வாற்ஸ்.
துவாரகன் பள்ளிச் சட்டைக்கு அயன் போட்டான்.
குசினியில் றைஸ் குக்கர்.
தாங்கி வற்றிப்போச்சென்று
இவர் மோட்டரைப் போட்டார், ஒருவரிடமும் சொல்லாமல்.
அனோஜா தலைமுடி உலர்த்தினாள்,
வெளிக்கிட ஓரிடமும் இல்லாத அந்தச் செவ்வாயில்.

நான் எங்கே நின்றேன்?
குசினி வாசலில்.
அம்மா, என்ர பெல்ட் எங்கை.
இஞ்சாரும், மோட்டர் ஏன் தண்ணி இழுக்குதில்லை.
மெடம், ஹொட் வோட்டர்?
அம்மா, சொதியோ குழம்போ.
எனக்கும் அந்தக் கால்மணியில்தான் உச்சக் கேள்வி.
என்னில் மீற்றர் பூட்ட
ஒரு சபையும் வரவில்லை.

ஆவணியில் சீட்டு விழுந்தது.
கூரையில் எட்டுத் தகடு ஏற்றினோம்.
பூட்ட வந்த கிண்ணியாப் பெடியன் றிஸ்மி
ஏணியில் நின்றபடி சொன்னான்:
அக்கா, ஏழு மணிக்கு வெயில் வேலைக்கு வராது.
இரவை நீங்கதான் பகலுக்குத் தள்ளோணும்.

கச்சான் அடிக்கிற மாதங்களில்
மத்தியானம் குழாயைத் திறந்தால் கை வேகும்.
அதே தண்ணீரைப் பொழுதுபட ஆறவிட்டு
காசு கொடுத்துக் காய்ச்சியிருக்கிறோம்,
பதினொரு வருஷம்.
றிஸ்மி போன பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன்.
மிச்சக் காசில்
கண்ணாடிக்குக் கீழே கறுப்புக் குழாய் படுத்திருக்கும்
ஒரு வெயில் தாங்கி வாங்கினோம்.
பஞ்சு சுற்றிய வயிற்றுக்குள்
பன்னிரண்டு மணிச் சூடு
இரவு ஒன்பது வரை உயிரோடு இருக்கிறது.
ஹீற்றரைக் கழற்றிய சுவரில்
நான்கு ஆணித்துளை, ஒரு வெள்ளைச் சதுரம்.

மோட்டர் பத்து மணிக்கு.
அயன் ஞாயிறு மத்தியானம், ஐந்து சட்டையும் ஒரே மூச்சில்.
சோறு மூன்றரைக்கே வெந்து
துவாய் போர்த்திக்கொண்டு காத்திருக்கும்.
பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினேன்.
பேனையை மூடப்போய்த் திறந்து
கடைசியில் இன்னொரு வரி:
ஏழிலிருந்து ஏழேகால்வரை அம்மா இல்லை.

முதல் நாள் பகிடி என்று நினைத்தார்கள்.
செருப்பைக் கொளுவிக்கொண்டு கரைக்குப் போனேன்.
துறைமுகத்துக்கு வெளியே நாலு கப்பல்
விளக்கோடு நின்றன.
ஒவ்வொன்றாய்த்தான் கூப்பிடுவார்களாம்.
அதுவரைக்கும் சும்மா நிற்கும்,
ஒரு கோபமும் இல்லாமல்.

இப்போது கார்த்திகை. வாடை பிடித்துவிட்டது.
தகடுகளில் மழை ஓடுகிறது, நாலு நாளாய் வெயில் இல்லை.
தாங்கியில் உள்ளது சுடுதண்ணீர் என்று
சத்தியம் பண்ண மாட்டேன்.
ஜயந்த குடையோடு வந்து எண்ணைப் பார்த்து
அடு, என்றான். குறைவாம்.
எவ்வளவு என்று கேட்பதற்குள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டான்.

நேற்று மழை விட்ட இடைவெளியில் போய்வந்தேன்.
படியில் கால் மணலைத் தட்டினேன்.
பெல்ட் கதவுக் கொளுவியில் தொங்கியது.
சொதியைச் சூடாக்கி யாரோ மூடியிருந்தார்கள்,
உப்புத்தான் இரண்டு தரம் விழுந்திருக்கிறது.
பச்சைத் தண்ணீரில் முழுகி
பல்லுக் கிட்டிப்போய் வந்த மனுஷனிடம்
ஒரேயொரு கேள்வி மிச்சமிருந்தது.

எங்கை போனனீர்?

கப்பல் எண்ண, என்றேன்.