கூலிப் பாக்கி

கோட்டைக்குள் கத்தரீனா.
தோணி ஏறி இக்கரை வந்தால் சீதேவிப்பிள்ளை.
அப்பன் ஒல்லாந்தரின் வெடிமருந்துக் கணக்கன்,
காய்ச்சலில் போனான்.
ஒரு தொப்பியும் அவன் பேச்சும் எனக்கு மிச்சம்.
பாதிச் சாதி என்றார்கள் கப்பித்தான் வீட்டுப் பெண்டுகள்.
எங்கள் கணக்கில் பாதி கிடையாது.
தாய் எந்தக் குடியோ பிள்ளை அந்தக் குடி,
முழுதாக.

பதினேழு வருஷம்
புலியந்தீவு வாசலில் நின்று பேசினேன்.
படுவான்கரைப் போடிமாருக்கும்
மெழுகும் மான்தோலும் கொண்டுவந்த வேடருக்கும்
நான்தான் வாய்.
கப்பித்தான் "இந்த நாய்கள்" என்றால்
"இந்தப் பெரியவர்கள்" என்பேன்.
போடியார் காறித் துப்பினால்
"வெற்றிலை கூடிப்போச்சு" என்பேன்.
சண்டை இரண்டு மூன்று
என் நாக்குக்கு அடியிலேயே கரைந்தது.
தோம்பில் அதற்குப் பக்கம் இல்லை.

கூலி கேட்டேன்.
காசு வேண்டாம்,
மண்முனைக்குத் தெற்கே கண்டல் மூடிக் கிடக்கும்
அந்தத் திட்டு போதும்,
நீர்நாய் மட்டும் குடியிருக்கிற திட்டு.

மாசியில், சூடு மிதித்து முடிந்த கையோடு,
போடிமாரை நிற்கவைத்துக்கொண்டே விடை சொன்னான்.
சொன்னதை அவர்களுக்குச் சொல்ல
என்னைவிட்டால் ஆளில்லை.
தொண்டையைச் செருமிக்கொண்டேன்.
அன்றுதான் முதல் தடவை
ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை:

"பெண்ணுக்குக் காணி எழுதுவது
பன்றிக்குப் பட்டு உடுத்துவது.
இந்த நாட்டில் காணி பெண்ணோடு போகிறதாம்.
அப்படியென்றால் இங்கே
ஆண்பிள்ளை என்று நிற்பவன் எவன்?"

கதிராமப் போடி தலைப்பாகையை அவிழ்த்து
மறுபடி கட்டினார், ஆறுதலாக.
ஒருவரும் கத்தவில்லை.
தோணிகள் திரும்பின.
கப்பித்தான் என்னிடம் கேட்டான்:
"என்ன சொன்னாய்?"
"நீர் சொன்னதை."

பங்குனி முழுக்க
ஓர் அவணம் நெல்லும் வாவி தாண்டவில்லை.
சித்திரை பிறக்குமுன்
கோட்டைக் கோழிகள் தீர்ந்தன.

பிறகு அரக்கு முத்திரையோடு தாள் வந்தது.
மூன்று பாஷை பேசுவேன்,
ஒன்றையும் வாசிக்கத் தெரியாது.
தந்தேன் என்றும் இருக்கலாம்,
தரமாட்டேன் என்றும் இருக்கலாம்.
வாசிக்கக் கூடியவர்கள் எல்லாரும் அவன் சம்பளக்காரர்.

மெழுகுச் சீலையில் சுற்றிப் பானைக்குள் வைத்தேன்.
நாலு தென்னம்பிள்ளையோடு தோணி ஏறினேன்.
கரையில் கால் வைத்ததும்
நீர்நாய்கள் ஏதோ சொல்லிவிட்டு
தண்ணீருக்குள் தலையை இழுத்துக்கொண்டன.
அந்தப் பாஷை மட்டும்
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.