ஒற்று

பாணாதுறைப் பக்கம் எங்கள் அச்சாபீஸ்.
மாதம் முதல் வாரம் 'ரசதரங்கம்',
மூன்றாம் வாரம் 'கன்னற்றமிழ்'.
இரண்டுக்கும் எழுத்துக் கோத்தவன் நான்.
சவரிராயன். எதிலும் அச்சேறாத பெயர்.

பஞ்சாபகேச ஐயருக்கு ஷ வேண்டும், க்ஷ வேண்டும்.
தையல்நாயகம் பிள்ளைக்கு அவை தீட்டு;
ழ போதும், ற போதும்.
தங்களைப் பற்றியே எழுதுகிற வரைக்கும்
எழுத்துத் தகராறு இல்லை.
ஒருவரையொருவர் எழுதும்போதுதான்
பெட்டியில் 'மூ' பற்றாமல் போகும்.
மூடர், மூர்க்கர், மூளையற்றவர்.
ஐயரின் பக்கத்தைப் பிரித்து
மை காயுமுன் பிள்ளையின் பக்கத்தில் அடுக்குவேன்.

பதினோரு வருஷச் சண்டைக்கு வேர்
ஒரு க்.
'தமிழை காப்போம்' என்று
முதல் இதழிலேயே எழுதிவிட்டார் ஐயர்.
ஒற்றை விழுங்கியவரா தமிழைக் காப்பார்
என்றார் பிள்ளை.
ஒற்றுப் பார்ப்பவன் புலவனல்ல, போலீஸ்காரன்
என்றார் ஐயர்.
சந்தாதாரர் அங்கே அறுபது, இங்கே எழுபது;
கூட்டிப் பார்த்தால் எண்பது பேர்தான்.
சண்டை தவறிய மாதம்
வி.பி.பி. திரும்பி வரும்.

ஐப்பசியில் அரசலாறு உடைத்துக்கொண்டு
ஐயரின் ஆறு ரீம் காகிதம் கூழாயிற்று.
காகிதக் கடை மரைக்காயர்
இரண்டு தவணை பொறுத்தார்.
மூன்றாவதற்குள் ஐயர்
நாகப்பட்டினத்தில் கப்பலேறிவிட்டார்,
ரங்கூனில் செட்டியார் கடைக்குக் கணக்கெழுத.

மார்கழி இதழுக்குப் பிள்ளை வந்தார்.
நாலாம் பக்கம் வழக்கம்போல 'மறுப்பு'.
மறுக்க ஒன்றுமில்லை.
வெற்றிலையைக் காம்பு கிள்ளினார், நரம்பு கிள்ளினார்,
வாயில் போடவில்லை.
"எதையாவது போட்டு ரொப்பு"
என்று எழுந்து போனார்.

அன்றிரவு அரிக்கேன் வெளிச்சத்தில்
பிரதி ஏதும் இல்லாமல்
நேரே ஈயத்தில் கோத்தேன்,
ரங்கூனிலிருந்து ஒரு கடிதம்:
'தமிழைக் கொன்ற தையல்நாயகமே...'
மூ எல்லாம் சும்மா கிடந்தது.
தாராளமாகப் போட்டேன்.

காலையில் புரூப் பார்த்தார் பிள்ளை.
யார் எழுதியது என்று கேட்கவில்லை.
ஒரு தடவை படித்தார்.
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
இன்னொரு தடவை.
பிறகு சிவப்பு மையைத் தொட்டு
'தமிழைக்' என்பதில் க்-இன் மேல்
ஒரு கோடு இழுத்தார்.

"அவர் போடமாட்டார்."

இடுக்கியால் அதைப் பிடுங்கினேன்.
வரி தளர்ந்தது.
எழுத்தில்லாத ஈயத்துண்டு ஒன்றைச்
செருகி இறுக்கினேன்.