தொய்ந்த சங்கிலி

மூதூர் பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் கிடந்தது.
கொட்டியாரக் குடாவைக் கடந்த மழை
என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.
உட்துறைமுக வீதியில்
ஒல்லாந்தர் காலத்து வீடொன்று திறந்திருந்தது.
மூன்று மொழியில் பலகை:
அமெரிக்க எல்லைப்புற ஓவியக் கூடம்.
தமிழில் மட்டும் 'எல்லைப்புர'.
இலவசம் என்பதை மூன்றிலும் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள்.
ஒதுங்கினேன்.

வாசலில் ரத்னசிறி, ரேடியோவில் கிரிக்கெட்.
கொப்பியை நீட்டினான்.
பெயர்: க. பூபாலரத்தினம்.
ஊர்: (கொஞ்சம் யோசித்து) இப்போது பாலையூற்று.
தொழில்: சங்கிலி.
"நகைக்கடையா?"
இல்லை தம்பி, நில அளவைத் திணைக்களம்.
ரிஸ்வி சேர் கண்ணாடிக்குள்ளால் பார்ப்பார்,
நான் மறுமுனையில் நிற்பேன்.
அளக்கிறவர் அவர். நான் நிற்கிறவன்.

முதல் அறை முழுக்கக் குதிரைகள்.
ஒவ்வொன்றின் கழுத்திலும் வியர்வை.
வியர்வையை வரைய ஒருவன்
எத்தனை பகல் குந்தியிருந்தானோ.
அடுத்ததில் எருமைகள்,
கந்தளாய் எருமைக்குத் தாடி வைத்து
தோளில் ஒரு மூட்டை அரிசி ஏற்றியமாதிரி.
தொப்பிக்காரர், துப்பாக்கிக்காரர்,
கூடாரம் போட்ட வண்டில்கள்,
வண்டிலுக்குள் காய்ச்சலில் ஒரு பிள்ளை.
அதன் உதட்டுக்கு மட்டும் யாரோ கனிவாய் நிறம் தேடியிருக்கிறார்கள்.

நாலாவது அறையில் ஒரேயொரு படம். சுவரை நிறைத்து.
கீழே சின்ன எழுத்தில்: ஆளில்லாச் சமவெளி.
புல், புல், அதற்கு மேலும் புல்,
எட்டத்தில் மலையின் நீலம்.
வலது மூலையில், பெருவிரல் நகமளவுக்கு,
குனிந்தபடி ஒருத்தன்.
கையில் சங்கிலி.

முகம் வரையவில்லை.
முனையில் நிற்கிறவனுக்கு முகம் எதற்கு?

கிட்டப் போனேன். மூக்கு படத்தில் முட்டும் தூரம்.
புல்லுக்கும் மலைக்கும் நடுவே
ஒரு மயிர் அகலத்தில் புகை.
அடுப்புப் புகை.
காட்டுத்தீ இப்படி மெலிந்து நேராய் எழாது.
ஓவியனுக்குத் தெரிந்திருக்கிறது.
தலைப்பு வைத்தவனுக்குத் தெரியவில்லை,
அல்லது

போன மாசி, கங்கைக்கு அந்தப் பக்கம்,
வரைபடத்தில் 'பற்றைக்காடு' என்று கிடந்த துண்டு.
கத்தியால் வெட்டி வெட்டிப் போனேன், கோடு நேராக வேணும்.
காரைமுள்ளுக்குள்
சீமெந்தில் பதித்த ஒரு கக்கூஸ் கோப்பை.
வெள்ளை. வெடிக்கவில்லை.
பாதம் வைக்கிற இரண்டு அடையாளமும்
நேற்றுத் தேய்த்துக் கழுவியமாதிரி.
வீடு இல்லை, கிணறு இல்லை,
சுவரென்று சொல்ல ஒரு கல்லுமில்லை.
"சேர், இதை என்னெண்டு குறிக்கிறது?"
அவர் கண்ணாடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.
"இதுக்குக் குறியீடு இல்ல, பூபாலம்.
சங்கிலியை இழும்."
இழுத்தேன்.

"மழை விட்டுட்டுது, ஐயா."
ரத்னசிறி பின்னால் நின்றான்.
இந்தப் படம் பிழை என்றேன்.
"எது?"
சங்கிலியைப் பார். தொங்குது.
இழுத்துப் பிடிக்காத சங்கிலி
இல்லாத நிலத்தையும் சேர்த்து எண்ணும்.
கடதாசியில் காணி கூடும், தரையில் கூடாது.
"அப்ப கூடின காணி எங்க இருக்கும்?"

நல்ல கேள்வி.
முப்பத்தொரு வருஷத்தில்
எந்தச் சேரும் என்னிடம் கேட்காத கேள்வி.

வாய் திறக்குமுன்
முற்றத்துக் கடதாசிப்பூவைப் புள்ளிமானொன்று மேயத் தொடங்கியிருந்தது.
"ஏய்! ஏய்!" என்று அவன் ஓடினான்.
மான் வேலியைப் பார்த்தது, அவனைப் பார்த்தது,
இன்னொரு கொத்தைப் பிய்த்துக்கொண்டு
தெருவுக்கு ஆறுதலாய் நடந்தது.

கொப்பியில் கடைசியாய் ஒரு நிரல்: கருத்து.
பேனா மை வற்றியிருந்தது.
உதறி உதறி எழுதினேன்:
நாலாவது அறை. புகை தெரிகிறது.